71,000 ரூபாய் எஸ்டிமேட்: பதினைந்து வயது வேகன் ஆரை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். 2011 மே மாதம் பதிவான வேகன் ஆர், பெட்ரோல், 98,000 கிலோமீட்டர். கிளட்ச் தேய்ந்துவிட்டது, மேடு பள்ளத்தில் முன்பக்கம் சத்தம், ஏசி குளிரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் 71,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள். எக்ஸ்சேஞ்சில் போட்டால் 1,10,000 தருவதாக ஷோரூமில் சொல்கிறார்கள். 2026 மே மாதத்தோடு ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிகிறது. "வண்டி விலையில் பாதிக்கு மேல் செலவு வந்தால் வித்துடணும்னு எல்லாரும் சொல்றாங்க, நீங்க என்ன சொல்றீங்க அண்ணாச்சி" என்று முடித்திருந்தார்.

தம்பி, நான் பதினெட்டு வருஷம் ஒர்க்‌ஷாப் கவுண்டரில் உட்கார்ந்து இதே மாதிரி எஸ்டிமேட் போட்டவன். அந்த "பாதி விலை" கணக்கை அங்கே நூறு பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தப்பான கணக்கு. 1,10,000 என்பது உங்கள் வண்டியை விற்றால் கையில் வரும் காசு, அவ்வளவுதான். அந்தக் காசுக்கு இதே நிலையில் இன்னொரு வண்டி உங்களுக்குக் கிடைக்காது. வித்த மறுநாள் காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட உங்களுக்கு ஒரு வண்டி வேண்டும், அது என்ன வண்டி, அதற்கு என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அதனால் இந்த வண்டியோடு அடுத்த இரண்டு வருஷம் ஓட்ட என்ன செலவு, வேறு வண்டியோடு அதே இரண்டு வருஷம் ஓட்ட என்ன செலவு, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

முதலில் அந்த எஸ்டிமேட்டையே பிரிப்போம். நீங்கள் அனுப்பிய தாளில் கிளட்ச் செட் 9,500, முன்பக்க ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம், புஷ் எல்லாம் சேர்த்து 16,000, ஏசி கூலிங் காயிலும் கேஸும் 9,000, நாலு டயர் 14,000, பேட்டரி 4,500, டிங்கரிங் பெயின்டிங் 18,000. இதில் டயரும் பேட்டரியும் ரிப்பேரே இல்லை. ஓடும் எந்த வண்டிக்கும் நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை வாங்கித்தான் ஆக வேண்டும், புது வண்டி வாங்கினாலும் அதற்கும் ஒருநாள் வரும். 18,500 அங்கே போய்விட்டது. கிளட்ச் மாற்றினால், ஓட்டுகிறவர் அரை கிளட்ச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டாதவராக இருந்தால், உங்கள் ஓட்டத்துக்குப் பல வருஷம் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஷாக் அப்சார்பர், லோயர் ஆர்ம் என்று முன்பக்கம் செய்யும் சஸ்பென்ஷன் வேலையும் அப்படித்தான். பெயின்டிங் 18,000 என்பதில் எது அழகுக்கு, எது துருவுக்கு என்று தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். பம்பர் கீறலுக்கு இப்போது பணம் போட வேண்டாம்.

எஸ்டிமேட் தருகிறவரிடம் "மொத்தம் எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "எதை இன்றைக்கே செய்யணும், எது ஆறு மாசம் தாங்கும், எதைச் செய்யாமலே விடலாம்" என்று கேளுங்கள். நல்ல மெக்கானிக் அதே தாளில் மூன்று நிறத்தில் டிக் போட்டுத் தருவார். முகத்தைச் சுளித்து "எல்லாமே அவசரம்" என்று சொல்கிறவரிடம் வண்டியை விடாதீர்கள். கழற்றிய பழைய பாகங்களை ஒரு சாக்கில் போட்டு டிக்கியில் வைத்துத் தரச் சொல்லுவதும் உங்கள் உரிமை.

இப்போது இன்னொரு பக்கம். 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்தது உண்மைதான், அதனால் விலையும் இறங்கியது. ஆனாலும் ஐந்தரை லட்சம் ஷோரூம் விலையுள்ள ஒரு சின்ன காரை எடுத்துக்கொண்டால், தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை 13 சதவீதம் ஆயுள் வரி, அதுவே 71,500 ரூபாய். எஸ்டிமேட்டைப் பார்த்து நீங்கள் பயந்தீர்களே, அந்தத் தொகை வரியாகவே போகிறது. இன்சூரன்ஸும் பதிவுச் செலவும் சேர்ந்தால் ஆறரை லட்சம் வரும். பழைய வண்டியின் 1,10,000, கையிலிருந்து 40,000, மீதி ஐந்து லட்சம் லோன் என்று வையுங்கள். 9 சதவீத வட்டி, ஐந்து வருஷம் என்றால் மாதம் 10,380 ரூபாய் இ.எம்.ஐ. முதல் இரண்டு வருஷத்தில் வட்டியாக மட்டும் 75,000 ரூபாய்க்கு மேல் கட்டுவீர்கள். வண்டியின் மதிப்பை இன்சூரன்ஸ்காரர்கள் இரண்டாவது வருஷத்துக்கு 20 சதவீதம் கழித்துப் போடுகிறார்கள், அது 1,10,000. வரி, இன்சூரன்ஸ் வகையில் போன ஒரு லட்சம் விற்கும்போது திரும்ப வராது. கூட்டிப் பார்த்தால் இரண்டு வருஷத்துக்கு 2,85,000 ரூபாய், பெட்ரோலுக்கு முன்னாலேயே.

உங்கள் பழைய வண்டிக்கு எஸ்டிமேட் முழுசாக 71,000, ஆர்.சி. புதுப்பிக்க ஆகும் செலவு, இடையில் என்ன வருமோ என்று ஒரு 30,000, இரண்டு வருஷத்தில் விலை இன்னும் 40,000 இறங்கும் என்றே வைத்துக்கொண்டாலும் ஒன்றரை லட்சம். பாதிதான். புது வண்டி மைலேஜ் கூடக் கொடுக்குமே என்பீர்கள். வருஷத்துக்கு 6,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு லிட்டருக்கு 16 கொடுக்கிற வண்டிக்கும் 20 கொடுக்கிற வண்டிக்கும் வித்தியாசம் வருஷத்துக்கு 80 லிட்டர், எட்டாயிரம் ரூபாய்தான். தினமும் எழுபது எண்பது கிலோமீட்டர் ஓடுகிறவர் என்றால் இந்தக் கணக்கே வேறு.

ஆனால் பணக்கணக்கு இரண்டாவதுதான். அதற்கு முன்னால் வண்டியின் உடம்பைப் பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்ததில் முக்கியமானது இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எஞ்சினைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், கிளட்ச், ஏசி எதுவானாலும் கழற்றி மாட்டக் கூடியது, பணம் கொடுத்தால் சரியாகும். துரு அப்படி இல்லை. இந்தக் கார்களுக்கெல்லாம் சேஸிஸ் என்று தனியாக ஓர் அடிச்சட்டம் கிடையாது, தகரக் கூடுதான் வண்டி. சஸ்பென்ஷனும் சீட் பெல்ட்டும் அந்தத் தகரத்தில்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அது அரித்தால் மேலே பேட்ச் வைத்துப் பெயின்ட் அடிக்கலாம், பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே பலம் திரும்பாது.

தூத்துக்குடி பக்கத்திலிருந்து ஒரு ஆசிரியர் வருவார். உப்பளக் காற்றிலேயே நின்ற வண்டி, ஓடியது 70,000 கிலோமீட்டர்கூட இல்லை, எஞ்சின் தையல் மிஷின் மாதிரி ஓடும். முந்தின வருஷம்தான் ஏசிக்கும் சீட் கவருக்கும் 40,000 போட்டிருந்தார். பிரேக் பார்க்க லிஃப்ட்டில் ஏற்றினோம். டிரைவர் கால் வைக்கும் இடத்தின் அடியில் கறுப்புக் கோட்டிங் கொப்புளம் கொப்புளமாக இருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையால் லேசாகத்தான் அழுத்தினேன், உள்ளே போய் ஃப்ளோர் மேட்டில் இடித்து நின்றது. வெளியே இழுத்தால் செதில் செதிலாகச் சிவப்புப் பொடி கொட்டுகிறது. அவர் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒன்றும் பேசவில்லை. அந்த 40,000 செலவு செய்வதற்கு முன்னால் யாராவது ஒருவர் அடியில் எட்டிப் பார்த்திருக்கலாம் என்பது இன்னும் எனக்கு மனசில் உறுத்துகிறது. அதே வருஷம் கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு டீசல் வண்டி, இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் ஓடியது, அடியில் ஒரு பொட்டுத் துரு இல்லை. அதற்கு எஞ்சின் வேலை செய்யச் சொல்லித் தயங்காமல் சொன்னேன்.

அதனால் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் வண்டியை லிஃப்ட்டில் ஏற்றச் சொல்லி நீங்களே அடியில் நில்லுங்கள். கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டை ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகரம் டங் என்று கணீரென்று கேட்கும், அரித்த இடத்தில் சத்தம் செத்துப்போகும். பானெட்டைத் திறந்தால் இரண்டு பக்கமும் வட்டமாக, நடுவில் நட் வைத்துத் தெரியும் பாருங்கள், முன்பக்க சஸ்பென்ஷன் மேலே பிடித்திருக்கும் இடம், அதைச் சுற்றி வெடிப்போ துருவோ இருந்தால் பேச்சே இல்லை, வண்டியை மாற்றுங்கள். பின்பக்க ஆக்ஸில் பிடித்திருக்கும் இடம், ஜாக்கி வைக்கும் இடம், ஸ்டெப்னி கிடக்கும் குழி இவையும் அப்படியே. சேஸிஸ் நம்பர் பொறித்த இடத்தையும் பாருங்கள். எஃப்.சி.யில் (வண்டித் தகுதிச் சோதனை) அதைச் சரிபார்ப்பார்கள், எழுத்து அரித்திருந்தால் அலைய வேண்டியிருக்கும்.

உங்கள் ஊர் என்பதால் இன்னொன்று. 2023 டிசம்பர் 17, 18இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, தாமிரபரணி ஏறி வந்ததே, அப்போது வண்டி எங்கே நின்றது? சீட் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தால் வயரிங்கில் பச்சைப் பூஞ்சை மாதிரி படிந்து கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்கும். ஒரு நாள் பவர் விண்டோ, ஒரு நாள் ஸ்டார்ட் ஆகாது, ஒரு நாள் ஸ்டியரிங் விளக்கு. அந்தத் தொல்லைக்கு முடிவே கிடையாது. தரைவிரிப்பைத் தூக்கினால் அடியில் வண்டல் படிந்த கோடும் புளித்த வாடையும் சொல்லிவிடும். அப்படி ஒரு வண்டிக்கு 71,000 போடாதீர்கள்.

எஞ்சின் பரிசோதனை பெரிய வித்தை இல்லை. காலையில் குளிர்ந்த எஞ்சினை வேறொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. வண்டி சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே இருந்தால், எஞ்சின் தலைக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல், ஹெட் கேஸ்கெட், போயிருக்கலாம். ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கம் மோர் மாதிரி வெளுப்பாகப் படிந்திருந்தாலும் அதே சந்தேகம்தான். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது, முகம் வெந்துவிடும். அப்புறம், ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தம் எவ்வளவு என்று பார்க்கும் கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். மூன்று சிலிண்டரும் கம்பெனி சொன்ன அளவுக்குக் குறையாமல், ஒன்றுக்கொன்று நெருங்கிய அளவு காட்டினால் உங்கள் எஞ்சின் நன்றாக இருக்கிறது. 2010இல் வந்த அந்த மாடலில் கே சீரிஸ் எஞ்சின், அவ்வப்போது மாற்ற வேண்டிய டைமிங் பெல்ட் இல்லை, செயின்தான். ஆயிலை ஒழுங்காக மாற்றியிருந்தால் 98,000 அதற்கு வயசே இல்லை.

பெட்ரோல் விஷயத்தில் ஒரு கவனம் வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. உங்கள் வண்டி செய்த காலத்தில் அதை நினைத்துச் செய்யவில்லை. நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே பழைய வகை கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையும் என்று சொல்லியிருக்கிறது. ரப்பர் ஹோஸ், சீல் இவைதான் முதலில் பாதிக்கும். லிஃப்ட்டில் இருக்கும்போதே டாங்கிலிருந்து வரும் ஹோஸைப் பாருங்கள், வெடிப்பு விட்டிருந்தால், பெட்ரோல் வாடை அடித்தால் அதை அன்றைக்கே மாற்றிவிடுங்கள், இதில் தள்ளிப்போடும் பேச்சு கூடாது.

ஆர்.சி. பற்றி ஊரில் நிறையக் குழப்பம் இருக்கிறது. டெல்லியில் டீசல் பத்து வருஷம், பெட்ரோல் பதினைந்து வருஷம்தான் ஓடலாம் என்று கோர்ட்டும் பசுமைத் தீர்ப்பாயமும் சொன்னதைக் கேட்டுவிட்டு இங்கேயும் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று பயந்து அடிமாட்டு விலைக்கு விற்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அது டெல்லிக்கும் அதைச் சுற்றிய பகுதிக்கும் ஆனது. தமிழ்நாட்டில் பதினைந்து வருஷம் முடிந்தால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொள்ளலாம். படிவம் 25, முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே போடலாம். கட்டணம் 2022 ஏப்ரல் முதல் காருக்கு 5,000 ரூபாய். தாமதித்தால் மாதத்துக்கு 500 கூடும். இதோடு பசுமை வரி தனி. இன்சூரன்ஸ், புகைச் சான்று இரண்டும் நடப்பில் இருக்கணும், பாக்கி இ-செலான் இருந்தால் கட்டிவிட்டுப் போங்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் (மோட்டார் வாகன ஆய்வாளர்) பார்ப்பது பிரேக், ஹாரன், விளக்கு, டயர், பாடி. நீங்கள் எப்படியும் டயரும் சஸ்பென்ஷனும் மாற்றப்போகிறீர்கள், அதைச் செய்துவிட்டுக் காட்டினால் அலைச்சல் மிச்சம். இருபது வருஷம் தாண்டினால் 2025 ஆகஸ்டில் வந்த அறிவிப்பின்படி கட்டணம் 10,000. உங்களுக்கு அது 2031 கதை.

இதிலேயே ஒரு சூட்சுமமும் இருக்கிறது. ஆர்.சி. முடிய மூன்று மாதம் இருக்கும் வண்டிக்கு எவரும் நல்ல விலை கொடுக்க மாட்டார்கள், ஷோரூம்காரர் 1,10,000 சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். ஐந்து வருஷம் ஆர்.சி. கையில் இருந்தால் அதே வண்டியை நாளைக்கு விற்பது எளிது. அதற்காக 71,000 போட்டால் விலை 71,000 ஏறும் என்று நினைக்காதீர்கள், ஏறாது. ஆறு மாதத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால் இப்படியே கொடுத்துவிடுங்கள். வைத்து ஓட்டுகிறவர்தான் ரிப்பேருக்குப் பணம் போடணும்.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு, மாற்றத்தான் வேண்டும் என்று நான் சொல்லும் இடங்களும் உண்டு. துருவும் வெள்ளமும் சொல்லிவிட்டேன். கம்பெனியே நாட்டை விட்டுப் போன வண்டி என்றால் யோசிக்கணும். ஷெவர்லே 2017 கடைசியோடு விற்பனையை நிறுத்தியது, ஃபோர்ட் இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. இவற்றுக்கு பிரேக் பேட், ஃபில்டர் மாதிரி தேய்மானப் பாகம் கிடைப்பது ஒன்று, ஒரு சென்சாருக்கோ கண்ணாடிக்கோ வாரக்கணக்கில் காத்திருப்பது வேறு. சென்னை புதுப்பேட்டைப் பழைய பாகக் கடைகளில் தேடினால் கதவு, பம்பர், ஹெட்லைட் கிடைக்கும், எடுக்கலாம். ஆனால் பிரேக், ஸ்டியரிங், சஸ்பென்ஷன் பாகங்களைப் பழசாக வாங்கி மாட்டவே கூடாது. பழைய டீசல் என்றால் இன்ஜெக்டர், டர்போ, ஹை பிரஷர் பம்ப் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். ஒன்று வந்துவிட்டது என்றால் மற்றதையும் கணக்கில் சேர்த்துத்தான் முடிவெடுக்கணும். வீட்டில் டயாலிசிஸுக்கு வாரம் மூன்று நாள் கூட்டிப்போக வேண்டியவர் இருந்தால் இந்தக் கணக்கெல்லாம் தள்ளிவையுங்கள், நடுவழியில் நிற்காத வண்டி அவர்களுக்கு வேண்டும்.

கடைசியாக உள்ள காரணம்தான் எனக்குப் பெரிது. உங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) இல்லை என்று எழுதியிருந்தீர்கள். இந்தியாவில் எல்லா கார்களுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக் அதே வருஷம் ஜூலையில், முன்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து இரண்டு ஏர்பேக் 2022 தொடக்கத்திலிருந்து. பாளையங்கோட்டைக்குள்ளேயும், மாதம் ஒருமுறை திருச்செந்தூருக்கும் நிதானமாக ஓட்டுவது ஒரு மாதிரி. பிள்ளைகளை வைத்துக்கொண்டு நாலு வழிச்சாலையில் மதுரைக்கும் சென்னைக்கும் அடிக்கடி நூறில் போகிறவர் என்றால், 71,000 எஸ்டிமேட் வந்திருக்காவிட்டாலும் நான் மாற்றச் சொல்லியிருப்பேன். இதற்கு ரூபாயில் கணக்குப் போட எனக்கு மனசு வராது. புதுசுக்கு வசதி இல்லை, பழசுதான் வாங்கப்போகிறீர்கள் என்றால் 2022க்குப் பிறகு தயாரான வண்டியாகப் பாருங்கள், அதையும் மேலே சொன்ன மாதிரி லிஃப்ட்டில் ஏற்றித் தட்டிப் பார்த்துத்தான் வாங்குங்கள். பழைய வண்டி வாங்குவது என்பது இன்னொருவர் எஸ்டிமேட்டைத் தலையில் வாங்கிக்கொள்வது, அதனால் விலையோடு ஒரு 40,000 சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பது என்று முடிவானால் உரிமை மாற்றும் படிவம் 29, 30இல் கையெழுத்து போட்டுக் கொடுத்ததோடு விடாதீர்கள். ஆர்.சி. வாங்கியவர் பெயருக்கு மாறியதா என்று அரசின் பரிவாகன் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்யுங்கள். பெயர் மாறாமல் விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது. உடைக்கக் கொடுப்பதாக இருந்தால் பழைய இரும்புக் கடையில் போடாமல் அரசு பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுங்கள். அங்கே தரும் சான்றிதழ் இருந்தால் அடுத்து வாங்கும் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது.

நீங்கள் ஊருக்குள் ஓட்டுகிறவர், சென்னைக்கு ரயிலில்தான் போகிறீர்கள் என்று எழுதியதால் என் பதில் இது: அடிப்பாகம் சுத்தமாக இருந்தால் செய்யுங்கள். முதலில் ஹோஸ், சஸ்பென்ஷன், டயர், கிளட்ச். பேட்டரியை டெஸ்ட் செய்து பார்த்துவிட்டு மாற்றுங்கள், சில சமயம் டெர்மினலைச் சுத்தம் செய்தாலே போதும். ஏசி காயிலை சித்திரை வெயிலுக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். மார்ச்சில் படிவம் 25. இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் சீட்டைப் பின்னால் தள்ளி, ஃப்ளோர் மேட்டை எடுத்துவிட்டுத் தரைவிரிப்பைத் தூக்கிக் கையை அடியில் விட்டுப் பாருங்கள். ஈரமோ செதிலோ கையில் ஒட்டினால் ஒர்க்‌ஷாப்புக்கு போன் செய்து வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டு எனக்கு எழுதுங்கள்.